எல்லா கிளியரன்ஸும் பாத்தாச்சு

ஜூன் 9

தம்பிக்கு,

பெரிய பேரன் பாங்குப் பரீட்சையில் தேறிவிட்டான். முதலில் அந்தச் செய்தி. எழுதினவர்களில் பாதிப் பேருக்குக் கேள்வியே புரியவில்லையாம். இவன் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பேனாவை மூடிவிட்டானாம். அவன் தங்கைக்கு நீச்சலில் வெள்ளி மெடல். தங்கம் வாங்கினவளுக்குக் கால் நீளம், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? சின்ன மகளின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தன் வகுப்பில் முதல். மற்றவன் அவன் பக்கத்தில் உட்காருகிறான், அதுவும் லேசில் கிடைக்கிற இடமில்லை. கடைக்குட்டி இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கவனிக்கிறது. கவனிக்கிற பிள்ளைதான் பின்னால் பெரிய ஆளாகும்.

நம் பேத்தி நட்டுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொம்மையைத் தொடாமல் என் தையல் மெஷினின் நட்டைக் கழற்றிக்கொண்டு திரிந்தவள், இன்று இந்த ஊரில் இன்ஜின் பிரிக்கிற ஒரே பெண். இன்ஜினின் மேல்பாகம், அந்தச் சிலிண்டர் ஹெட் வேலை என்றால் பட்டறை முதலாளி இவளைத்தான் கூப்பிடுகிறார். ஆண்பிள்ளைகள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

போனில் கூப்பிட்டால் நீ கட் பண்ணுகிறாய். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் பெரிய மனது பண்ணிப் படி.

நீ ஓட்டுகிற பஸ் விஷயம். நட்டு வேலை பார்க்கிற பட்டறையில்தான் அதற்குப் புது ஹெட் போட்டார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. போட்டுக் கொஞ்ச நாளில் மேட்டில் ஏறும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிது. அதற்குப் பிறகு ஒரு நாள் உன் சம்பந்தி வீட்டார் முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தையை நீ மனதில் வைத்துக் குமைவதாக உன் பொண்டாட்டி சொன்னாள். நான் பொதுவாகத்தான் சொன்னேன். வயசானால் யாருக்கும் கண் மங்கும். ஆயில் பார்க்கிற குச்சியும் மெல்லிசு. இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. சாவி கையில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் காலை நீட்டி உட்காரலாமே.

பதில் எழுதினால் நட்டுவைப் பற்றி ஒன்றும் எழுதாதே. தபால் பெட்டியைத் திறக்கிறவள் அவள்தான்.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

உன் பேரப்பிள்ளைகள் எல்லாரும் தேறிவிட்டார்கள். சந்தோஷம். இந்தக் குடும்பத்தில் பெயிலானவன் நான் ஒருத்தன்தான்.

நீ பொதுவாகவா சொன்னாய்? "என் தம்பிக்கு எதிர்ல நிக்கிற ஆளே தெரியலை, ஆயில் இருக்கா இல்லையான்னு எங்க தெரியப் போகுது?" என்றாய். மருமகனின் அப்பா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதிலிருந்து ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார், அக்கா. பஸ் ஓட்டுகிறவன் கையை!

இனி ஓட்டுகிறவன் என்றும் சொல்ல முடியாது. ஓனரம்மா சாவியை வாங்கி ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டார். "ஆயில் இல்லாம ஓட்டியிருக்காரு. வண்டி நின்ன பிறகு ஊத்தி வெச்சுட்டு நாடகம் ஆடுறாரு" என்று உங்கள் பட்டறை முதலாளி சொல்லியிருக்கிறார். என்னை வெளியே அனுப்பவில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். ஷெட்டில் வண்டி கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிறேன். என் பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போகும்போது குழாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். வழக்கமாகப் போகிற தெருவில் போவதில்லை. டீக்கடைக்காரன் "இன்னைக்கும் லீவா?" என்று கேட்பான். அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்பான்.

காலையில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்காமல் நான் வண்டியைக் கிளப்பியதே கிடையாது. "கட்டின பொண்டாட்டி முகத்தைக்கூட நீங்க ரெண்டு தடவை பாத்ததில்லை" என்று இவள் கேலி செய்வாள்.

புது ஹெட் போட்டு வந்த நாளிலிருந்தே ஒரு சத்தம் கேட்டது. டக்டக் என்று அடிக்கிற சத்தம் இல்லை. கம்பியைச் சுவரில் தேய்க்கிற மாதிரி. பட்டறைக்குப் போன் செய்தேன். "புது வேலை, ஓட ஓட செட்டாயிடும்" என்றார்கள். நம்பினேன். அது என் தப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நின்ற இன்ஜினை மறுபடி பிரித்தபோது நட்டு அங்கே இருந்திருக்கிறாள். ஹெட்டுக்குள் என்ன பார்த்தாள்? கேட்டு எழுது. நான் சாகிற வரை ஓட்டப்போகிறேன் என்று சொல்லவில்லை. ஓய்கிற அன்றைக்குச் சாவியை நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிடுங்கினதாக இருக்கக் கூடாது.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

பிள்ளையை எதற்கு இதில் இழுக்கிறாய் என்று சூடாக ஒன்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். தாள் வீணாகிறது என்று மருமகள் முணுமுணுக்கிறாள்.

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"நட்டு, அந்த வண்டி ஹெட்ல என்ன பாத்தே?"

"எந்த வண்டி?"

"டிரைவர் தாத்தா வண்டி."

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு பென்சிலும் அட்டைப் பெட்டியும் எடுத்து வந்தாள். பெட்டியின் மேலே ஓட்டை போட்டுப் பென்சிலை உள்ளே விட்டாள்.

"இதான் புஷ்ராடு பாட்டி. கீழேருந்து மேலே தள்ளுற கம்பி. ஹெட்ல இருக்கிற ஓட்டை வழியா ஏறி இறங்கும். நேராத்தான் போகுதுன்னு நினைப்போம். ஆனா மேலே ஏறுறப்ப ஒரு பக்கம் சாயும். பழைய ஹெட்டுன்னா அதுக்குன்னே செஞ்ச ஓட்டை. இது வேற கம்பெனி ஹெட், ஓட்டை நெருக்கம், கம்பியும் தடி. சுவர்ல பட்டுச்சுன்னா தேயும். அதனால மூடறதுக்கு முன்னாடி இன்ஜினைக் கையால மெதுவா சுத்தி, ஒவ்வொரு கம்பி பக்கத்துலயும் மெல்லிசா தகடு விட்டுப் பாக்கணும். தகடு மாட்டிக்கிச்சுன்னா ஓட்டையை அரம் போட்டுப் பெருசாக்கணும். அந்த இடைவெளிதான் புஷ்ராடு கிளியரன்ஸ்."

"கிளியரன்ஸ் வெச்சாச்சுன்னு அன்னிக்குச் சாப்பிடறப்ப சொன்னியே?"

"அது டேப்பட் கிளியரன்ஸ். மேலே, வால்வுகிட்ட வெக்கிறது. அது வேற, இது வேற. பேர் மட்டும் ஒண்ணு."

எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும், தம்பி. கிளியரன்ஸ் என்றால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இதைப் பாக்கலையா நீ?"

"முன்பக்கம் பாத்தேன். பின்பக்கம் பாக்கறதுக்குள்ள காய்ச்சல் வந்து வீட்டுக்கு வந்துட்டேனே."

பென்சிலை உருவி வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். என் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பின்னால் இருக்கிற ஓட்டை ஒன்றில் சுவர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்ததாம். கம்பி ஒரு பக்கம் தேய்ந்து வளைந்திருந்ததாம். அந்த இரும்புத்தூள் ஆயிலில் கலந்து போகிற இடமெல்லாம் போயிருக்கிறது. ஆயில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. உன் கண்ணில் கோளாறு இல்லை. எழுதிவிட்டேன்.

இதை வைத்துக்கொண்டு பிள்ளை தலையில் பழியைப் போடாதே. காய்ச்சல் யாருக்கும் வரும். அன்றைக்கு அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள், எழுப்ப மனசு வரவில்லை. இப்போது வேலை விட்டு வரும்போது அவள் மேல் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. ஹெட் வேலைக்கு அந்த வாடை வராது. கேட்டால் "வேலை அப்படி" என்கிறாள்.

இங்கே எழுத வேறு ஒன்றும் இல்லை. வீட்டுப் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. "காது கேக்கலையா அத்தை?" என்கிறாள் மருமகள். கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

நீ எழுதினதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, நேரே பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். போன் அடித்த சத்தமே கேட்கவில்லை.

நட்டு பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பலகையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தட்டில் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். ஹெட் பக்கம் அவளை விடுவதில்லையாம். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் இப்போது ஹெட் போடுகிறான். இவள் அவனுக்குக் கழுவிக் கொடுக்கிறாள்.

"என் தப்புதான் தாத்தா" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். "பின்பக்க ராடு பாக்கலை. பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"முதலாளி நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினாரு. ஹெட்டை மூடலாமான்னு கேட்டாரு. சொல்லிட்டேன்."

"நீயா சொன்னே?"

கையிலிருந்த வால்வைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

"நான்தான்."

பொய் சொல்கிறவர்களை என் வேலையில் நிறையப் பார்த்தாயிற்று. டிக்கெட் எடுக்காமல் தப்பிக்க, வளர்ந்த பிள்ளையை மடியில் உட்கார வைத்து "இன்னும் ஸ்கூல்லயே சேக்கலைங்க" என்பார்கள். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ தேடுவார்கள். உன் பேத்திக்கு அந்த அளவுகூடப் பொய் சொல்ல வரவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள், கண் கலங்கிவிட்டது.

அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். தூங்கினவள் எப்படிப் போன் எடுத்தாள், அக்கா?

பதில் வேண்டாம்.

ஓனரம்மாவிடம் நான் இதைக் கொண்டுபோகப் போவதில்லை. கொண்டுபோனால் எனக்குச் சாவி வரும், அந்தப் பெண்ணுக்குப் பேர் போகும். பொம்பளைப் பிள்ளையை இன்ஜினில் கை வைக்க விட்டால் இப்படித்தான் என்று சொல்ல ஒரு கூட்டம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. குழாயைத் திறந்து மூடுவதும் வேலைதான். சாவி ஆணியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அவளிடம் நான் கோபமாக இல்லை என்று மட்டும் சொல். இனி எனக்கு எழுதாதே.

தம்பி


ஜூலை 25

அக்காவுக்கு,

எழுதாதே என்றவன் நான். இப்போது நானே எழுதுகிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

நேற்று மத்தியானம் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் கணக்கர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "உங்க அக்காவா அது? பொம்பளையா புயலா?" என்றார். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வந்த விஷயமே எனக்குத் தெரியாது.

பட்டறை முதலாளியை முன்னால் நடக்கவிட்டு நீ பின்னால் வந்தாயாம், ஆள் நழுவிவிடாதபடிக்கு. ஓனரம்மா நாற்காலியைக் காட்டியிருக்கிறார்.

"உக்காருங்கம்மா."

"உக்காந்து சொல்ற சமாச்சாரம் இல்லைங்க. நின்னே சொல்லிடறேன். அன்னிக்கு இவர் வீட்டுக்குப் போன் பண்ணினாரு. என் பேத்தி காய்ச்சல்ல கிடக்கா. 'கிளியரன்ஸ் பாத்தாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னாரு. நான் கேக்கலை. பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"எந்த கிளியரன்ஸ்னு நான் கேட்டேனேம்மா" என்றாராம் முதலாளி.

"கேட்டீங்க. எல்லா கிளியரன்ஸும் பாத்தாச்சு, எங்க வீட்டுப் பொண்ணு பாக்காம வருவாளான்னு சொன்னேன். எனக்கு எந்த கிளியரன்ஸைத் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச கிளியரன்ஸ் துணிக்கடை வாசல்ல எழுதிப் போடுறது."

கணக்கர் சிரித்துவிட்டாராம். நீ திரும்பி, "சிரிங்க சார். சிரிக்கிற விஷயம்தான். என் தம்பி பஸ் ஓட்டினவன். இப்போ அவன் கையைப் பிடிச்சு ரோடு தாண்டி விடுறாங்க. அதுக்கும் சேத்துச் சிரிங்க" என்றாயாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஓனரம்மா முதலாளியைப் பார்த்து, "ஆயில் இல்லாம ஓட்டினார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆயில் போகாத மாதிரி பேரிங் கறுத்துப் போயிருந்ததுங்க. அதைப் பாத்துச் சொன்னேன்."

"அப்புறம் ஹெட்டைக் கழட்டினீங்க. கம்பி தேஞ்சிருந்ததைப் பாத்தீங்களா இல்லையா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தாராம். கடைசியில் "பாத்தேன்" என்றாராம்.

ஓனரம்மா சாவியை ஆணியிலிருந்து அவரே எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். கையை நீட்டச் சொன்னார். என் கையெல்லாம் ஈரம். சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். குழாயை மூட மறந்துவிட்டேன். ஷெட் முழுக்கத் தண்ணீர், கழுவுகிற பையன்கள் எல்லாரும் திட்டினார்கள். காதில் விழவே இல்லை.

இன்று காலையில் என் வண்டியை நான் எடுத்தேன்.

ஆபீசிலிருந்து என் வீடு கூப்பிடு தூரம். நீ வரவில்லை. இவள் வாசலில் நின்றிருக்கிறாள். நீ தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாயாம். "அண்ணி, அண்ணி" என்று கத்தினாளாம். திரும்பவில்லையாம். அவ்வளவு பேர் முன்னால் நின்று பேசினவளுக்கு என் வாசலில் கால் வைக்க என்ன?

சம்பந்தி வீட்டில் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சொல்ல முடியாது. சொன்னவள் நீ.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தேடி அவசர அவசரமாகப் படிப்பாய்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று பாடம் பண்ணிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு என் தம்பியைப் பத்திச் சொன்னது பொய். அவன் கண்ணு நல்லாருக்கு. வாய்தான் எனக்குச் சரியில்லை" என்றேன். அந்த அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். சம்பந்தி தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "கண்ணு தெரியாதவர்னு நினைச்சு நான் கையைப் பிடிக்கலைங்க. அன்னிக்கு உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, அவரு தனியா நின்னாரு. அதான் பிடிச்சேன்" என்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, தம்பி. கூடப் பிறந்தவள் நான். கை பிடித்தது யாரோ ஒரு மனுஷர்.

நட்டு திரும்ப ஹெட் வேலைக்குப் போகிறாள். பட்டறைச் சுவரில் தன் செல் நம்பரைச் சாக்பீசால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாளாம், கீழே "வீட்டுக்குப் பண்ண வேண்டாம்" என்று. அவளாகச் சொல்லவில்லை. முதலாளி சொன்னார். அவள் என் மேல் பழி வராமல் இருக்க இத்தனை நாள் மண்ணெண்ணெயில் கையை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் அவள் கழுவி வைத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஏன் பாட்டி போனே, நான் சமாளிச்சிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. எண்ணெய் தடவி விடுகிறேன், கையை நீட்டுகிறாள். அதுவே போதும் எனக்கு.

அன்றைக்குப் போனில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "தூங்குறா, எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் வருகிற வார்த்தை. என் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேள்வி கேட்பதா என்று வந்தது.

உன் வாசலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். உன் பொண்டாட்டி கூப்பிட்டது கேட்டது. அந்த ஆபீசில் நின்று பேச எனக்குக் கூச்சமில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் யாரோ. உன் வாசலில் நின்றால் நீ "வா அக்கா" என்பாய். அதற்குத்தான் பயந்தேன். உன் முகத்தில் முழிக்க எனக்கு முகமில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. என்னிடம் இருப்பது உன் கல்யாணத்தில் எடுத்த படம், அதில் நீ வேறு யாரோ மாதிரி இருக்கிறாய். புதிதாக ஒன்று எடு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்து. சிரிக்க வேண்டும் என்று இல்லை. செல்லில் அனுப்பாதே, அதைப் பிள்ளைகள் விரலால் தள்ளித் தள்ளி எங்கேயோ கொண்டுபோய்விடுகிறார்கள். கடையில் கொடுத்து அட்டையில் போட்டு வாங்கு. முதலில் படத்தில் உன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன், பிறகு நேரில் வருகிறேன். மடங்காமல் உறையில் வைத்துத் தபாலில் போடு.

அக்கா